கரோலின் நார்ட்டன்: சட்டத்தில் இடமில்லாதவர் சட்டத்தை மாற்றிய கதை

1836 ஜூன் 22. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. பிரிட்டனின் பிரதமர் மெல்பர்ன் பிரபு மீது ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். தம் மனைவியோடு பிரதமருக்குத் தகாத உறவு இருந்தது, அதற்கு 10,000 பவுண்டு இழப்பீடு வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதாடினார்கள். பழைய வேலைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள். ஆனால், யாருடைய நடத்தையைப் பற்றி இத்தனை பேர் பேசினார்களோ, அந்தப் பெண்ணுக்கு அங்கே பேச இடமில்லை. அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். சாட்சி சொல்லவும் சட்டம் அவரை அனுமதிக்கவில்லை.

அவர்தான் கரோலின் நார்ட்டன். அப்போது அவருக்கு வயது 28.

பெரிய பெயர், சிறிய வருமானம்

கரோலின் 1808ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தாத்தா ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் புகழ்பெற்ற நாடக ஆசிரியர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸின் அத்துமீறல்களைக் கண்டித்து அவர் ஆற்றிய உரைகள் அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன.

பரம்பரைப் பெருமை இருந்தது, பணம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பணியாற்றிய தந்தை 1817இல் அங்கேயே இறந்தார். தாயும் பிள்ளைகளும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அரச குடும்பம் இலவசமாகக் கொடுத்த அறைகளில் தங்கி வாழ்ந்தார்கள். ஹெலன், கரோலின், ஜார்ஜியானா ஆகிய மூன்று சகோதரிகளும் அழகுக்கும் பேச்சுத் திறனுக்கும் பெயர் பெற்றவர்கள்.

கரோலினுக்கு 19 வயதில் திருமணம் நடந்தது. மணமகன் ஜார்ஜ் நார்ட்டன், கிராண்ட்லி பிரபுவின் தம்பி, டோரி கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த இல்லறத்தில் தொடக்கத்திலிருந்தே அமைதி இல்லை. ஜார்ஜ் மனைவியை அடித்தார். கரோலின் குடும்பம் டோரிகளுக்கு எதிரான விக் கட்சியைச் சார்ந்தது. அதனால் அரசியல் பேச்சும் சண்டையில் முடிந்தது. குடும்பச் செலவுக்காகக் கரோலின் எழுதத் தொடங்கினார். கவிதை, கதை, பத்திரிகை ஆசிரியர் பணி என்று அவர் பேனா ஓயவில்லை. தொழிற்சாலைகளில் வதைபட்ட குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியும் 1836இல் ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார்.

வரவேற்பறையில் அரசியல்

அவர்களுடைய வீடு சிறியது. ஆனால் நாடாளுமன்றத்துக்கு மிக அருகில் இருந்தது. கரோலினின் உரையாடலைக் கேட்க அமைச்சர்களும் எழுத்தாளர்களும் அங்கே கூடினார்கள். பிற்காலத்தில் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி அப்போது தேர்தலில் வெற்றி காணாத இளைஞர். தமக்குப் பிரதமராக ஆசை என்று மெல்பர்ன் பிரபுவிடமே அவர் துணிந்து சொன்னது இந்த வட்டத்தில்தான். அது நடக்காத காரியம் என்று மெல்பர்ன் அவருக்கு அறிவுரை கூறினாராம்.

பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் முடியாது. அரசியலில் ஆர்வம் கொண்ட உயர்குடிப் பெண்களுக்கு நட்பு ஒன்றே வழி. விருந்து, கடிதம், பரிந்துரை ஆகியவற்றின் மூலம்தான் அவர்கள் அரசியலைத் தொட முடிந்தது.

அந்த நட்பின் முதல் பலன் கணவருக்கே போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் 1830இல் தம் நாடாளுமன்ற இடத்தை இழந்தார். அவருக்கு வேலை கேட்டுக் கரோலின் எழுதியது, உள்துறை அமைச்சராக வந்திருந்த மெல்பர்னுக்கு. ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளத்தில் ஜார்ஜுக்கு மாஜிஸ்திரேட் பதவி கிடைத்தது. மனைவியை இழந்து தனித்திருந்த மெல்பர்ன் அதன்பின் அடிக்கடி அந்த வீட்டுக்கு வந்தார். அதை ஜார்ஜ் பல ஆண்டுகள் தடுக்கவில்லை. தமக்கு ஆதாயம் இருக்கும் என்றே நினைத்தார்.

வென்றவர்களும் இழந்தவரும்

1836 வசந்தத்தில் ஒரு சண்டைக்குப் பிறகு ஜார்ஜ் மூன்று மகன்களையும் தாயிடமிருந்து பிரித்து அனுப்பினார். கரோலின் வீட்டுக்குள் நுழையவும் தடை போட்டார். பிறகு பிரதமர் மீது வழக்குத் தொடுத்தார்.

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. சாட்சிகள் நம்பத்தக்கவர்களாக இல்லை. ஜூரிகள் தங்கள் இடத்தைவிட்டு எழாமலேயே மெல்பர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். மெல்பர்ன் பிரதமராகத் தொடர்ந்தார். மறு ஆண்டு அரியணை ஏறிய விக்டோரியா மகாராணிக்கும் அவரே முதல் பிரதமர். தோற்றுப்போன ஜார்ஜும் மாஜிஸ்திரேட்டாகத் தொடர்ந்தார்.

கரோலினுக்கு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. மணமான பெண்ணுக்குக் கணவனிலிருந்து வேறான தனி இருப்பு இல்லை என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அவளுடைய உடைமையும் எழுதிச் சம்பாதித்த பணமும் கணவனுக்கே சொந்தம். பிள்ளைகள் தந்தைக்கு உரியவர்கள். தாய் குற்றமற்றவள் என்று தெரிந்தாலும் அவளுக்கு அவர்களைப் பார்க்கும் உரிமைகூடக் கிடையாது. முன்பு ஒருமுறை மனமிரங்கிக் கணவரிடம் திரும்பிச் சென்றதால், பழைய கொடுமைகளைச் சொல்லி மணவிலக்குக் கேட்கவும் வழியில்லை.

அவதூறுக்கு அஞ்சிய மெல்பர்ன் ஒதுங்கி நின்றார். பொறுமையாக இருக்கும்படிதான் அவரால் சொல்ல முடிந்தது.

பேனாவின் வழக்கு

கரோலின் பொறுமையாக இருக்கவில்லை. சட்ட நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் படித்தார். தம் கதையை அழுகையாக எழுதாமல், சட்டம் எங்கே தவறுகிறது என்று வாதமாக எழுதினார். அந்தத் துண்டு நூல்களில் ஒன்றை ஓர் ஆணின் பெயரில் வெளியிட்டார். பெண் எழுதினால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது அரசியல் தொடர்புகளை அவர் வேறு விதமாகப் பயன்படுத்தினார். வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டால்ஃபோர்ட், பிள்ளைகள் பராமரிப்பு குறித்து ஒரு மசோதா கொண்டுவந்தார். 1838இல் மக்கள் சபை அதை ஏற்றது. பிரபுக்கள் சபை நிராகரித்தது. கரோலின் மீண்டும் எழுதினார். 1839இல் மசோதா சட்டமானது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், பிள்ளைகளைச் சந்திக்கவும் ஒரு தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்று அது கூறியது. தாய்க்கென்று ஓர் உரிமையை ஆங்கிலச் சட்டம் எழுதி வைத்தது அதுவே முதல் முறை.

ஆனால் கரோலினின் பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். கவனிக்கப்படாத காயம் விஷமானது. செய்தி கேட்டுத் தாய் ஓடி வந்தபோது மகன் இறந்திருந்தான். அதற்குப் பிறகுதான் மற்ற இரு மகன்களும் தாயிடம் வந்து தங்க ஜார்ஜ் இசைந்தார்.

அவதூறு அவரைத் தொடர்ந்தே வந்தது. 1845இல் தானியச் சட்டம் குறித்த அமைச்சரவை இரகசியம் ஒரு நாளிதழில் வெளியானது. அமைச்சராக இருந்த நண்பர் சிட்னி ஹெர்பர்ட்டிடம் அறிந்து கரோலின்தான் அதை விற்றார் என்று வதந்தி பரவியது. அது பொய். இருந்தும், ஜார்ஜ் மெரிடித் பின்னாளில் அதை வைத்து ஒரு நாவலே எழுதினார்.

1853இல் அடுத்த சோதனை. மெல்பர்ன் இறந்தபின் அவர் குடும்பத்தார் கரோலினுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து வந்தனர். அதை அறிந்த ஜார்ஜ், தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த பணத்தை நிறுத்தினார். கணவனும் மனைவியும் சட்டப்படி ஒருவரே என்பதால் அவர்களுக்குள் ஒப்பந்தம் செல்லாது. புத்தக வருமானமும் தமக்கே உரியது என்றார் ஜார்ஜ்.

கரோலின் மீண்டும் பேனாவை எடுத்தார். 1855இல் மகாராணிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். ஒரு பெண் அரசாளும் நாட்டில் மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லாத முரண்பாட்டை அதில் சுட்டிக்காட்டினார். அதே காலத்தில் வேறு பெண்களும் ஆயிரக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டனர். 1857இன் மணவிலக்குச் சட்டத்தில், கணவனைப் பிரிந்த பெண்ணின் சம்பாத்தியத்துக்குப் பாதுகாப்பும், சொந்தப் பெயரில் வழக்குத் தொடுக்கும் உரிமையும் இடம்பெற்றன. எல்லா மனைவியருக்கும் சொத்துரிமை வர 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கரோலினைப் பெண்ணுரிமைப் போராளி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆணும் பெண்ணும் சமம் என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை; வெளிப்படையாகவே மறுத்தார். அவர் கேட்டது பாதுகாப்பு மட்டுமே. ஆனால் அவர் திறந்த வழியில் பின்னால் வந்தவர்கள் மேலும் தொலைவு நடந்தார்கள்.

1875இல் ஜார்ஜ் இறந்தார். 1877 மார்ச்சில், 68 வயதில், நெடுநாள் நண்பரான சர் வில்லியம் ஸ்டெர்லிங் மேக்ஸ்வெலைக் கரோலின் மணந்தார். அந்த வாழ்வு மூன்று மாதங்களே நீடித்தது. அதே ஆண்டு ஜூனில் அவர் காலமானார்.

பிரபுக்கள் சபையின் சுவரில் டேனியல் மக்ளீஸ் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்று உண்டு. அதில் நீதியின் உருவமாக நிற்கும் பெண்ணுக்கு அந்த ஓவியர் மாதிரியாகக் கொண்டது கரோலினின் முகத்தை. தாய்மாருக்காக அவர் கேட்ட நீதியை 1838இல் மறுத்த சபையும் அதுதான்.