ஐஸ் ஹவுஸைத் தந்த ஃபிரெடரிக் டியூடர்

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் நம்மில் பலர் மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்போம். பழைய சென்னைவாசிகளுக்கு அது என்றுமே 'ஐஸ் ஹவுஸ்'தான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த கட்டடம் அது. அந்த வியாபாரத்தை உருவாக்கியவர் ஃபிரெடரிக் டியூடர்.

டியூடர் 1783 செப்டம்பர் 4ஆம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர். சகோதரர்கள் ஹார்வர்டில் படிக்க, இவரோ 13 வயதிலேயே படிப்பை விட்டுத் தொழிலுக்கு வந்துவிட்டார். நோயுற்ற அண்ணன் ஜானுடன் 1801இல் ஹவானா சென்றபோது வெப்ப நாட்டின் வாட்டத்தை நேரில் அனுபவித்தார். மறு ஆண்டே அண்ணன் காலமானார்.

ஊரில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து, பனிக்கட்டி கேட்பாரின்றிக் கிடந்தது. அதை வெப்ப நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால் என்ன? இன்னொரு அண்ணன் வில்லியமும் உறவினர் ஜேம்ஸ் சாவேஜும் முன்னதாகவே மார்ட்டினிக் தீவுக்குப் போய் ஏற்பாடுகளைக் கவனித்தனர். 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸுடன் கப்பல் புறப்பட்டது. பாஸ்டன்வாசிகள் சிரித்தார்கள். ஐஸ் பெரும்பாலும் கரையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதைப் பாதுகாக்கக் கிடங்கு இல்லை. வாங்கியவர்களுக்கும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. முதல் முயற்சி பெரும் நஷ்டத்தில் முடிந்தது.

தந்தையின் செல்வமும் நில முதலீட்டில் கரைந்தது. கடன்காரர்கள் நெருக்க, 1812இலும் 1813இலும் டியூடர் சிறைக்குப் போனார். ஆனாலும் தொழிலை விடவில்லை. ஐஸை விற்பதைவிடக் காப்பதே முக்கியம் என்பதை உணர்ந்தார். இரட்டைச் சுவர்க் கிடங்கு, இடைவெளி இல்லாத அடுக்கு, மேலே மரத்தூள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். 1825இல் நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக் கருவியைச் செய்து தந்ததும், கட்டிகள் ஒரே அளவில் கிடைத்தன. செலவும் வெகுவாகக் குறைந்தது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இருமுறை கடக்க வேண்டும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது! நகரமே வியந்தது. பிறகு பம்பாயிலும் சென்னையிலும் கிடங்குகள் எழுந்தன.

இதற்கிடையில் காபி வியாபாரத்தில் இறங்கி, இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கடன்பட்டார் டியூடர். கைகொடுத்தது இந்திய ஐஸ்தான். சுமார் 15 ஆண்டுகள் உழைத்து, கடனை முழுவதும் அடைத்தார். 50 வயதில் மணம் புரிந்து, ஆறு குழந்தைகளுக்குத் தந்தையானார். 1864 பிப்ரவரி 6ஆம் தேதி, 80ஆவது வயதில் செல்வந்தராகவே மறைந்தார். அடுத்த இருபதாண்டுகளுக்குள் உள்ளூர் ஐஸ் தொழிற்சாலைகள் வந்து, இந்தியாவுக்கான கப்பல் ஐஸ் வியாபாரத்துக்கு முடிவு கட்டின.

சென்னைக் கட்டடம் பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி நம் சமூகத்தின் இளம் விதவைகளுக்கு அங்கே நிழலும் கல்வியும் தந்தார். அடுத்த முறை அவ்வழியே போகும்போது, பிள்ளைகளுக்கு டியூடரின் கதையையும் சொல்லுங்கள். இருமுறை சிறை சென்றும் பட்ட கடனைத் தீர்த்துவிட்டே கண் மூடிய மனிதர் அவர்.