பாட்டு போட்டவரின் கதை

ராத்திரி 11 மணி, ஹாஸ்டல் ரூம், ஒரு லேப்டாப், ஒரு மைக். இவ்வளவு இருந்தால் போதும், இன்னைக்கு நீங்களும் ஆன்லைன் ரேடியோ ஆர்ஜே தான். ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் என்று ஒரு தீம் வைத்து, பழைய பாட்டாகத் தேடிப் பிடித்து ஷோ நடத்தலாம். உங்களுக்கு அந்த ஆசை இருந்தால், முதல்ல ஆலன் ஃப்ரீட் என்பவரைத் தெரிஞ்சுக்கோங்க. நீங்க போடப்போகும் அந்தப் பாட்டுகளுக்கு ராக் அண்ட் ரோல் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியதே அவர் மைக்கிலிருந்து தான்.

1921 டிசம்பர் 15-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்தார். ஸ்கூலில் டிராம்போன் வாசித்த பையன், பிறகு ரேடியோ அறிவிப்பாளர் ஆனார். 1951-ல் கிளீவ்லண்ட் நகரில் WJW ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே லியோ மின்ட்ஸ் என்பவர் ஒரு ரெக்கார்டு கடை வைத்திருந்தார். கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் ரெக்கார்டுகளை வெள்ளைக்காரப் பசங்களும் தேடி வந்து வாங்குவதை அவர் கவனித்தார். அந்தப் பாட்டுகளை ரேடியோவில் போடச் சொல்லி ஃப்ரீடை உசுப்பேற்றியது அவர் தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடத்தில்கூட நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைத்த காலம். ஆனா ரேடியோ அலைக்கு அந்தச் சுவர் கிடையாது. ஃப்ரீட் தனக்கு மூன்டாக் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். ராத்திரி நேரத்தில் ஊளையிடுவார், மைக்கைத் திறந்து வைத்தபடியே டெலிபோன் டைரக்டரி மேல் தாளம் தட்டுவார். வீட்டில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு பசங்க கேட்டார்கள்.

1952 மார்ச் 21-ல் கிளீவ்லண்ட் அரீனாவில் மூன்டாக் கொரனேஷன் பால் என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார். சுமார் 10,000 பேர் கொள்ளும் இடத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு கூட்டம் வந்துவிட்டது. கதவு உடைந்தது. ஷோ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. உலகின் முதல் ராக் கான்சர்ட் என்று இன்னைக்குப் பலரும் சொல்வது இதைத் தான்!

1954-ல் நியூயார்க் WINS ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே மூன்டாக் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு தெருவோர இசைக்கலைஞர் இருந்தார். அவர் கேஸ் போட்டு ஜெயித்தார். பட்டப்பெயர் போச்சு. அதன்பிறகு ஃப்ரீடின் ஷோவுக்கு ராக் அண்ட் ரோல் என்ற பெயர் வந்தது. 1957-ல் டிவியிலும் ஷோ கிடைத்தது. அதில் ஃப்ராங்கி லைமன் என்ற கறுப்பினப் பாடகர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடிவிட்டார். தென்மாநில ஸ்டேஷன்கள் கொதித்தன, ஷோ நின்றுபோனது.

இதுவரை கேட்டால் ஹீரோ கதை மாதிரி இருக்கும். இனிமேல் தான் நமக்கான பாடம். ஒரு பாட்டை ரேடியோவில் போட ரெக்கார்டு கம்பெனிகள் ஆர்ஜேக்களுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் அப்போ சகஜம். அதற்குப் பேயோலா என்று பெயர். ஃப்ரீடும் வாங்கினார். சக் பெர்ரியின் மேபலின் பாட்டில் எழுதியவர்கள் வரிசையில் ஃப்ரீட் பெயரும் ஏறியது. எந்தக் கலைஞர்களை உலகத்துக்குக் காட்டினாரோ, அவர்களில் ஒருவருடைய உழைப்பில் பங்கு! இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது சரியில்லை.

1959-ல் பேயோலா விசாரணை வெடித்தது. அப்போது அவர் இருந்த WABC ஸ்டேஷன், பணமே வாங்கியதில்லை என்று எழுதி கையெழுத்துக் கேட்டது. ஃப்ரீட் போட மறுத்தார், வேலை போனது. 1962-ல் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அபராதம் வெறும் 300 டாலர் தான், ஆனா பெரிய ஸ்டேஷன் கதவுகள் மூடிக்கொண்டன. அடுத்து வருமானவரி வழக்கு. குடி உடம்பைத் தின்றது. 1965 ஜனவரி 20-ல் கலிஃபோர்னியாவில் இறந்தபோது வயசு 43.

1986-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தன் முதல் பட்டியலிலேயே அவரைச் சேர்த்தது. அதன் மியூசியம் 1995-ல் திறந்தது கிளீவ்லண்டில் தான்.

நாளைக்கே நீங்க ஷோ தொடங்கலாம். ஆயிரம் பேர் கேட்க ஆரம்பித்ததும், என் பாட்டைப் போடு, ஜிபே பண்றேன் என்று ஒரு மெசேஜ் வரலாம். வாங்கினால், அதை மைக்கில் சொல்லிவிட்டுப் போடுங்க. கேட்கிறவங்க உங்க காதை நம்பித் தான் ஹெட்செட் மாட்டியிருப்பாங்க.