துணிமூட்டையோடு வந்த நடேசய்யர்

பதுளைப் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்துக்கு, சம்பளம் போட்ட மறுநாள் டவுனிலிருந்து புடவைக்காரர் ஒருவர் வருவார். இஸ்தோப்பில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தால் போதும், லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள். காசை அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டு போய்விடுவார். காவற்காரர் அவரை மறித்ததை நான் பார்த்ததேயில்லை. பின்னாளில் கோ. நடேசய்யரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் இந்தப் புடவைக்காரர்தான்.

நடேசய்யர் 1887இல் பிறந்தவர். தஞ்சாவூர்க்காரர், பிராமணர். அங்கே வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகையை நடத்தினார். 1915இல் வியாபாரிகள் சங்க வேலையாகக் கொழும்புக்கு வந்தவருக்கு, மலைக்குப் போன தம் ஊர்ச் சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நினைத்தவுடன் போய்ப் பார்க்கக்கூடிய இடமல்ல அது. தோட்டம் துரையின் தனிச் சொத்து. கேட்காமல் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. பத்திரிகைக்காரர் என்று சொல்லியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவை வியாபாரியாக உள்ளே போனார்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, வேடம் போட்டுச் செய்தி சேகரிப்பது சரியா என்று ஒரு முழுப் பாடவேளை வாதாடியிருக்கிறோம். உதாரணங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்தான். நடேசய்யரின் பெயரை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

அவர் தேர்ந்தெடுத்த வேடத்தை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் ஓர் ஆளின் இடத்தைச் சொன்னதே துணிதான். துரைக்குத் தொப்பி, அரைக் காற்சட்டை, நீண்ட காலுறை. பெரிய கங்காணிக்குத் தலைப்பாகையும் வேட்டிக்கு மேல் கோட்டும். கணக்கப்பிள்ளைக்கும் தன் நிலைக்கேற்ற உடுப்பு இருந்தது. தொழிலாளிக்கு இவை எதுவும் ஆகாது. துரை வரும் பாதையில் செருப்பைக் கழற்ற வேண்டும், குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். சட்டை போட்ட இளந்தாரி திமிர் பிடித்தவன். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு மழைக்குத் தலையில் ஒரு கம்பளி, இடுப்பில் ஒரு படங்கு. அந்தக் கம்பளியும் சும்மா வந்ததல்ல, அதன் விலை அவளுடைய கணக்கில் ஏறியது. அரிசிக் கடன், துணிக் கடன், கப்பலேறி வந்த கடன் எல்லாம் சேர்ந்து ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்குக் கடனோடு சேர்த்து ஆளை மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிராமணர் தலைச்சுமை வியாபாரியாக லயம் லயமாக ஏறி இறங்கினார். சாதி விட்டுக்கொடுக்காத காலத்தில் இதுவும் சின்ன விசயமல்ல. புடவை பார்க்க வரும் பெண்களிடம் பேசலாம், கடன் கேட்கும் சாக்கில் சம்பளத்தை விசாரிக்கலாம். நிருபருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போக அவருக்கு வேடம் தேவைப்பட்டது. எங்கள் அப்பாயிக்கு வெளியே வர. 1983 ஜூலையில் பதுளை டவுன் எரிந்தபோது, பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் தன் சீத்தையையும் சட்டையையும் அப்பாயிக்குக் கொடுத்தார். அவர் பொட்டை அழித்து, மூக்குத்தியைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு நடந்தார். அதற்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய அத்தைக்கு வேறு விதமான அனுபவம். சேலையைத் தூக்கிச் செருகும் விதத்தையும் கையில் பச்சை குத்தியிருப்பதையும் பார்த்தே தோட்டக்காட்டார் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்களும் தமிழர்தான். இதை எழுதும்போது வாசகர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் அத்தை அந்தச் சொல்லை இன்னும் மறக்கவில்லை.

நடேசய்யர் 1920 வாக்கில் இலங்கையிலேயே தங்கிவிட்டார். தேசநேசன், பிறகு தேசபக்தன் என்று பத்திரிகைகள் நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குள் போனார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பியதும் அந்த உறவு முறிந்தது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு காலத்தில் மூட்டையோடு மறைந்து போனவர் இப்போது சொந்தப் பெயரில் கூட்டம் போட்டார். துரைமார் அவரை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தனியாக எழுத வேண்டிய ஆள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத சனங்களுக்குச் சம்பளத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டி மேடையில் பாடியவர். ஆண்கள் முன்னால் நின்று பெண் பாடுவதற்கே முகம் சுளித்த காலம் அது. லயத்துப் பெண்கள் கூட்டத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வந்த பிறகு அவருடைய செல்வாக்கு குறைந்தது. 1947 நவம்பரில் இறந்தார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர் வாக்குக் கேட்டுப் போன சனங்களை நாடற்றவர்களாக்கியது.

அப்பாயியும் அவர்களில் ஒருவர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் பதுளைக்கு நான்தான் கூட்டிப்போனேன். புடவைக்காரரிடம் கடனுக்கு வாங்கிய மெரூன் நிறச் சேலை ஒன்றை அதற்காகவே மடித்து வைத்திருந்தார். பெரிய பொட்டும் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.