பேராசிரியர் மகலனோபிஸ்: முடிவுக்குத் துணை நின்ற கணக்கு

நாட்டை ஆள்வோர்க்கு நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது. நிலைமை இன்னதென்று அறியும் வழியும் இருக்க வேண்டும். எவ்வூரில் எவ்வளவு விளைந்தது, ஆற்றில் எவ்வளவு நீர் வரும், மக்கள் என்ன உண்கின்றனர் என்பன தெரியாமல் இடப்படும் ஆணை, இருட்டில் எய்த அம்பாகவே முடியும். இந்நாளில் அத்தகைய விவரங்களைத் தொகுத்து, ஆராய்ந்து, முடிவெடுப்போர்க்குத் துணையாக முன்வைக்கக் கணிப்பொறிகளும் அவற்றிற்குரிய மென்பொருள்களும் வந்துள்ளன. அவ்வகைத் துணையை எவ்வாறு படிப்படியாக அமைக்க வேண்டும் என்பதை, கணிப்பொறி நம் நாட்டில் கால் வைக்கும் முன்னரே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

அவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்று கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர் நம் கணித மேதை ராமானுஜன். பத்திரிகையில் வெளிவந்த வீட்டு எண் புதிர் ஒன்றை மகலனோபிஸ் படித்துக் காட்ட, அடுப்பருகே சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன் அப்புதிருக்கு மட்டுமன்றி, அவ்வினப் புதிர்கள் அனைத்திற்குமே பொருந்தும் விடையை உடனே சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக ராமானுஜன் கூறியபோது, மகலனோபிஸ் அவருடைய படுக்கையறைக்கே சென்று பார்த்தார். கம்பளிகள் இருந்தன, ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து விரிக்கப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதைத் தென்னாட்டு இளைஞர் அறிந்திருக்கவில்லை. கேட்டதோடு நில்லாமல் நேரில் சென்று பார்த்துக் குறையின் காரணத்தைக் கண்ட இக்குணம், பிற்காலத்தில் அவருடைய பணி முழுவதிலும் விளங்கியது.

1915-இல் அவர் தாயகம் திரும்புகையில், போரின் காரணமாகக் கப்பல் சிறிது தாமதித்தது. அவ்விடைவேளையில் கல்லூரி நூலகத்தில் அவர் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்கா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். அவற்றை விலைக்கு வாங்கி வழியெல்லாம் படித்து வந்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தபோதிலும் அவருடைய மனம் புள்ளியியலிலேயே ஊன்றியது. 1923-இல் நிர்மல்குமாரி அம்மையாரை மணந்தார். கவி தாகூரின் அன்புக்குரியவராக, விசுவபாரதியின் நிர்வாகப் பணியிலும் பங்கு கொண்டார்.

1922-இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. நீரைத் தேக்கிவைக்கப் பெரும் பொருட்செலவில் தேக்கங்கள் அமைக்கலாம் என எஞ்சினீயர்கள் எண்ணினர். மகலனோபிஸ் சுமார் ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஆராய்ந்து, அத்தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926-இல் ஒரிஸாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர். சுமார் அறுபதாண்டுக் கணக்குகளைப் பார்த்த அவர், படுகை உயரவில்லை என்றும், மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தடுப்பதே தக்கது என்றும் தெரிவித்தார். மகாநதியைப் பற்றி அவர் அன்று செய்த கணக்குகள், 1957-இல் திறக்கப்பெற்ற ஹிராகுட் அணைக்கு முன்னோடியாயின. கரை கட்டுவதா, அணை கட்டுவதா என்ற வினாவில் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. மாநிலக் கல்லூரியில் அவருடைய அறையே அதன் இருப்பிடம். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. அக்காலத்தில் கணிப்பவர் என்றால் கணக்குப் போடும் மனிதரே. 1933-இல் சாங்க்யா என்னும் ஆராய்ச்சி இதழும் தொடங்கியது. அளவுகள் பலவற்றைக் கொண்டு இரு கூட்டங்களிடையே உள்ள வேறுபாட்டை அளக்க அவர் 1936-இல் வெளியிட்ட முறை, மகலனோபிஸ் தூரம் என்ற பெயரால் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

அவருடைய முறையின் சிறப்பை வங்காளத்துச் சணல் கணிப்பில் தெளிவாகக் காணலாம். சணல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்பதை அக்காலத்தில் பெரும்பாலும் ஊர்க் காவலர் முதலியோரின் ஊகத்தைக் கொண்டே மதிப்பிட்டு வந்தனர். ஒவ்வொரு வயலையும் எண்ணிப் பார்ப்பதென்றால் செலவோ மிகுதி. மகலனோபிஸ் 1937-இல் சிறு பகுதியில் முன்னோட்டக் கணிப்பு ஒன்றை நடத்தினார். எத்தனை கட்டங்கள் எடுப்பது, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பு, ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு நடப்பான், எவ்வளவு செலவிட்டால் பிழை எவ்வளவு குறையும் என்பவற்றை முதலில் அளந்துகொண்டார். ஆண்டுதோறும் பகுதியை விரித்து, 1941-இல் மாகாணம் முழுவதும் கணித்தார். அத்துடன், ஒரே பகுதியை ஒருவரையொருவர் அறியாத இரு குழுக்கள் தனித்தனியே கணிக்குமாறு செய்தார். இரண்டின் விடையும் ஒத்திருந்தால் நம்பலாம். வேறுபட்டால் எங்கே தவறு என்று தேடலாம். முழு எண்ணிக்கைக்கு ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே நம்பத்தக்க விடை கிடைத்தது. சிறிதாகத் தொடங்குதல், பிழையை மறைக்காமல் அளத்தல், இருமுறை சோதித்தல், பின்னரே பெரிதாக்குதல் என்ற இந்நான்கு படிகளையும், இன்று முடிவுக்குத் துணையாகும் மென்பொருளை அமைப்போரும் கடந்தே ஆக வேண்டும்.

1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், அதனால் நேர்ந்த விளைவுகளை அறிய வங்காளக் கிராமங்களில் அவருடைய கழகம் கணிப்பு நடத்தியது. நிலத்தை விற்றவர், மாட்டை இழந்தவர், பிச்சை புகுந்தவர் ஆகியோரின் தொகை அதனால் வெளிப்பட்டது. தக்க காலத்தில் கணக்கில்லாமற் போனால் நேரும் கேட்டிற்கு அது சான்றாயிற்று.

விடுதலைக்குப் பின், 1949-இல் மத்திய மந்திரிசபையின் புள்ளியியல் ஆலோசகரானார். 1950-இல் தேசிய மாதிரிக் கணிப்பு தொடங்கியது. முதற் சுற்றுக்கு 1,833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பெற்றன. குவிந்த விவரங்களை மனிதர் கையால் கணித்து முடிப்பது அரிதாயிற்று. 1953-இல் கழகத்திலேயே சமரேந்திர குமார் மித்ரா ஒரு மின் கணிப்புக் கருவியை உருவாக்கினார். பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம் என்னும் பொறி 1956-இல் இயங்கலாயிற்று. இந்தியாவின் முதல் இலக்க முறைக் கணிப்பொறி அதுவே. அதன்பின் சோவியத் நாட்டிலிருந்து யூரல் என்னும் பொறியும் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் வாழும் நமக்குப் பழக்கமான பாரக்பூர் டிரங்க் ரோட்டுக் கழகத்திலேதான் இவையெல்லாம் நடந்தன.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை அவர் 1955 மார்ச்சில் அளித்தார். அதன் அடிப்படை ஒரு கணித உருவம். முதலீடு 5,600 கோடி ரூபாய். நாட்டு வருமானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர வேண்டும். 1 கோடியே 10 லட்சம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். முதலீட்டை எத்துறைக்கு எவ்வளவு பகிர்வது என்பதே வினா. அதில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரம் முதலிய மூலதனப் பொருள் தொழில்களுக்கே என்று முன்னரே வகுத்துக்கொண்டார். இப்பங்கு கணக்கு ஈன்ற விடையன்று. மனிதர் தெரிந்தெடுத்த கொள்கை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொருள்களுக்கும் அக்கணக்கில் போதிய இடமில்லை. பொருளியல் அறிஞர் பி. ஆர். ஷெனாய் 1955-இலேயே திட்டத்தின் அளவைக் குறித்து மாற்றுக் கருத்து எழுதினார். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. திட்டத்தைச் சுருக்க நேர்ந்தது. பிலாயிலும் துர்காபூரிலும் ரூர்கேலாவிலும் எழுந்த உருக்காலைகள் அக்காலத்தின் நற்பயன்கள். விவசாயமும் நுகர்பொருளும் பின்தங்கியது அக்காலத்தின் குறை.

இதனால் அவருடைய பெருமை குன்றிவிடாது. ஆயின் ஒரு பாடம் தெளிவாகிறது. சணல் வயலில் அவர் ஒவ்வொரு ஊகத்தையும் சோதித்த பின்னரே முன்னேறினார். திட்டத்திலோ அவ்வாறு சிறிதாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை. கணக்கு பிழையின்றி இருக்கலாம். அதன் தொடக்கத்தில் வைத்த எண்ணம் பிழைபடலாம். அதனை எந்தப் பொறியும் தானே சொல்லாது.

1945-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1959-இல் பாராளுமன்றச் சட்டத்தால் அவருடைய கழகம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. 1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், கல்கத்தாவில் காலமானார். அவர் பிறந்த நாள் 2007-ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

நம் சங்கத்தைச் சார்ந்த இளைஞர் பலர் இன்று கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசுக்கும் முடிவு சொல்லும் கருவிகளை அவர்கள் அமைக்கின்றனர். கருவி தரும் விடையோடு அதன் பிழையளவையும், அது கொண்ட ஊகங்களையும் சேர்த்தே முடிவெடுப்பவர்முன் வைப்பது அவர்தம் கடமை. அப்போதுதான் முடிவின் பொறுப்பு அதற்குரியவரிடமே நிற்கும். வெள்ளக் கரையிலும் சணல் வயலிலும் நின்று பேராசிரியர் மகலனோபிஸ் கற்பித்த நெறி அதுவே.