சாமிக்கண்ணு வின்சென்ட்

சாமிக்கண்ணு வின்சென்ட் (ஏப்ரல் 18, 1883 - ஏப்ரல் 22, 1942) தென்னிந்தியத் திரைப்படத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். கோயம்புத்தூரைச் சேர்ந்த இவர், கூடாரமடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டியவர். பின்னர் கோவையில் நிலையான திரையரங்கை நிறுவியவர். படம் காட்டுவதற்கு முதலில் ஒளி வேண்டும், ஒளிக்கு ஆற்றல் வேண்டும் என்பதால், மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு அதற்கான ஏற்பாட்டையும் உடன் கொண்டு செல்வது இத்தொழிலின் பாதிச் சுமையாக இருந்தது. இவரது வாழ்க்கை வரலாறு அவ்வகையில் மின்சாரத்தின் வரலாற்றோடும் பிணைந்தது.

தொடக்கம்

வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் தொடருந்துத் துறையில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905 ஆம் ஆண்டு டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கு சலனப்படங்களைக் காட்டி வந்தார். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப நேர்ந்தபோது, அவர் தம் படவீழ்த்தியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் அடங்கும். விலை 2,250 ரூபாய். வின்சென்ட் பணம் திரட்டி அவற்றை வாங்கினார், வேலையையும் விட்டார். மாதச் சம்பளம் தரும் தொடருந்து வேலையை, பொதுமக்களில் பெரும்பாலோர் அதுவரை கண்டிராத ஒரு கருவிக்காகக் கைவிட்டது துணிச்சலான முடிவே.

கூடாரமும் ஒளியும்

திருச்சியில் தொடங்கிய காட்சிகள் பிற ஊர்களுக்கும் பரவின. பம்பாய், லக்னோ, லாகூர், பெஷாவர் எனத் தமிழகத்திற்கு வெளியேயும் வின்சென்ட் பயணம் செய்தார். 1909 இல் சென்னை எஸ்பிளனேட் பகுதியில் கூடாரமிட்டுப் படம் காட்டினார்.

இப்பயணங்களின் சிரமத்தை உணர, சென்னை-திருச்சி இருப்புப்பாதையில் அமைந்த திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விரு ஊர்களுக்கும் 1905 இல் தொடருந்து வந்துவிட்டது. விழுப்புரம் புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் பாதை பிரியும் சந்திப்பாகவும் இருந்தது. ஆனால் பொது மின்வழங்கல் இரண்டிலும் இல்லை. சென்னையில் மின்சார டிராம் 1895 முதல் ஓடியதெனினும், அங்கிருந்து நூறு மைலுக்கு உட்பட்ட ஊர்களில் இரவில் எரிந்தவை எண்ணெய் விளக்குகளே. இத்தகைய ஊரொன்றுக்குப் படம் காட்ட வருபவர் கூடாரத் துணி, கம்பங்கள், திரை, படவீழ்த்தி, சுருள்கள் ஆகியவற்றோடு ஒளிமூலத்தையும் தாமே கொண்டு வர வேண்டியிருந்தது.

அக்கால ஊர்சுற்றும் காட்சியாளர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சுண்ணாம்பொளி: ஆக்சிசனும் ஐதரசனும் கலந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புத் துண்டின்மீது பாய்ச்ச, அது வெண்ணிறமாக ஒளிரும். மற்றொன்று மின்வில் விளக்கு: இரு கரித்தண்டுகளின் முனைகளுக்கிடையே மின்னோட்டம் பாய்ந்து எழும் கடும் ஒளி. இதற்கு எண்ணெய் எஞ்சினும் அதனால் சுழலும் டைனமோவும் தேவை. படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. கையால் சுழற்றுபவர் சற்றே நிறுத்தினாலும் விளக்கின் வெப்பத்தில் அது பற்றிக்கொள்ளும். கூடாரமோ துணியாலானது.

இன்று ஊர்திகளில் மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மூலம் மாறுமின்னோட்டமாக்கி வீட்டுக் கருவிகளை இயக்குகின்றனர். அன்றைய தேவை இதற்கு நேர்மாறானது. மின்வில் விளக்கு நேர்மின்னோட்டத்திலேயே நிலையாக எரியும் என்பதால், பிற்காலத்தில் மாறுமின்னோட்டம் வந்த ஊர்களில் திரையரங்குகள் அதை மோட்டார்-டைனமோ இணையாலோ பாதரசத் திருத்தியாலோ நேர்மின்னோட்டமாக மாற்றிக்கொண்டன. டைனமோவை உடன் கொண்டு சென்ற கூடாரக்காரருக்கு இந்தத் தொல்லை மட்டும் இல்லை.

வெரைட்டி ஹால்

1914 இல் கோயம்புத்தூரில் வின்சென்ட் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். இது தென்னிந்தியாவின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் ஒன்று. பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறியது. பைக்காரா நீர்மின் திட்டம் உற்பத்தியைத் தொடங்கியதே 1932 இல்தான். ஆகவே அதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட இவ்வரங்கு தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மின்சாரத்தால் இயங்கும் அச்சகத்தையும் அரிசி ஆலையையும் வின்சென்ட் நடத்தினார். கூடாரத்திற்காகக் கற்ற வித்தை நகரில் தனித் தொழிலாகவே வளர்ந்தது எனலாம்.

படத் தயாரிப்பு

பேசும்படக் காலம் வந்ததும் வின்சென்ட் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவின் பயனியர் பிலிம் நிறுவனத்துடன் இணைந்து இவர் தயாரித்த வள்ளி திருமணம் 1933 இல் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த இப்படம் நல்ல வசூலை ஈட்டியது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் உருவானபோது அதைத் தொடங்கியவர்களுள் இவரும் ஒருவர். படம் எடுக்கக் கல்கத்தா செல்ல வேண்டிய நிலையைக் குறைத்த படப்பிடிப்பு நிலையங்களுள் அதுவும் ஒன்று.

வின்சென்ட் 1942 இல் காலமானார். அவரது அரங்கின் பழைய பெயர் கோவையின் வெரைட்டி ஹால் சாலைக்கு நிலைத்துவிட்டது.