லூயி ரெனோ

மோட்டார் வண்டியேறிச் செல்வோர் அதன் விரைவைப் புகழ்வர்; விரைந்தோடும் வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்தும் பிரேக்கினைப் புகழ்வார் அரியர். சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மினுள் அது மறைந்து கிடப்பதால், கண்ணாற் கண்டவரும் சிலரே. அவ்வமைப்பிற்கு 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சு நாட்டவராகிய லூயி ரெனோ என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

லூயி 1877-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் துணியும் பொத்தானும் விற்றுப் பொருளீட்டிய வணிகர். தமையன்மாராகிய பெர்னான், மார்செல் இருவரும் அவ்வாணிகத்திற் புகுந்தனர். இளையவர்க்கோ பள்ளியிலும் மனஞ் செல்லவில்லை, கடையிலும் செல்லவில்லை. நீராவி வண்டி செய்து பெயர் பெற்ற செர்போலே என்பாரின் பட்டறையே அவரை ஈர்த்தது. நகரையடுத்த பியான்கூரில் அக்குடும்பத்தார்க்கு ஒரு வீடு இருந்தது. அதன் தோட்டத்திலிருந்த சிறு கொட்டகையே லூயியின் தொழிற்சாலையாயிற்று.

அக்கொட்டகையில் 1898-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில், முச்சக்கர வண்டியொன்றைப் பிரித்து நாற்சக்கர வண்டியாக்கினார். அந்நாளைய கார்கள் பலவற்றில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்திற்குச் சங்கிலியோ தோல்வாரோ கொண்டு செல்லும். இவர் அவற்றை நீக்கி, தண்டொன்றின் வழியே நேராகச் செல்லுமாறு அமைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மாலை மோன்மார்த்ரக் குன்றின் லெப்பிக் தெருவில், நூற்றுக்குப் பதின்மூன்று என்னும் ஏற்றத்தில், அச்சிறு வண்டி தடையின்றி ஏறிற்று. கண்டு வியந்தோர் அன்றே தமக்கும் வண்டி வேண்டுமெனப் பணங் கொடுத்தனர். மறு ஆண்டில் மூவரும் கூடி ரெனோ சகோதரர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர்.

ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமன்றோ? அக்காலத்துப் பிரேக்குகளோ நம்பத்தக்கன அல்ல. டயரின்மேல் ஒரு கட்டையை அழுத்துவதும், டிரம்மின் வெளிப்புறத்தைப் பட்டையாற் சுற்றி இறுக்குவதுமே வழக்கு. சேறும் மழைநீரும் பட்டையிற் புகுந்து பிடியைக் கெடுக்கும். மேட்டில் வண்டி பின்னோக்கி உருளின், முன்னோட்டத்தில் இறுகும் பட்டை நெகிழ்ந்துவிடும். லூயி பிடியை டிரம்மின் உள்ளே வைத்தார். பிறை வடிவான ஷூக்கள் இரண்டு. அவற்றை விரித்துத் தள்ள ஒரு நெம்பு. மீட்டும் இழுத்துக்கொள்ளச் சுருள்வில். விரிந்த ஷூக்கள் டிரம்மின் உட்சுவரை உராய்ந்து சக்கரத்தை அடக்கும். வியப்பு யாதெனில், இரண்டனுள் ஒன்றைச் சுழலும் டிரம்மே தன்னோடு ஈர்த்து மேலும் இறுக்கிக் கொள்கிறது; ஓட்டுவோன் காலுக்குச் சக்கரமே துணை செய்கிறது. ஜெர்மானியராகிய மைபாக் இதனைச் சற்று முன்னரே கையாண்டார் என்பர்; எனினும் காப்புரிமை ரெனோவினதே.

பின்னர் நெம்பின் இடத்தை எண்ணெயழுத்தத்தால் இயங்கும் சிறு சிலிண்டர் கொண்டது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கு வந்த பிறகும், சிறு கார்கள் பலவற்றின் பின்சக்கரங்களில் டிரம்மே நிலைத்தது. வண்டி நிற்குங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்வதாற் பின்புறத்திற்குச் சிறு பிடியே போதும். கைப்பிரேக்கினை இணைத்தலும் எளிது. இதனை வீட்டிலேயே பிரித்துப் புதுக்குவாரும் உளர். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, ஒரு பக்கத்தை மட்டுமே முதலிற் பிரிப்பர். எந்தச் சுருள்வில் எத்துளையிற் சேரும் என்பதை மற்றப் பக்கம் காட்டும். சிலிண்டர் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருப்பின், ஷூவை மட்டும் மாற்றிப் பயனில்லை. தூசியை ஊதுதலும் ஆகாது. பழைய லைனிங்குகளிற் கல்நார் உண்டு, அது நுரையீரலைக் கெடுக்கும். குழாயிற் புகுந்த காற்றை முற்றும் வெளியேற்றிய பின்னரே வண்டியைத் தெருவிலிறக்குவர். கொட்டகையில் வளர்ந்த லூயி இவர்களைக் காணின் மகிழ்ந்திருப்பார் போலும்.

இனி அவர் வரலாற்றிற்கு மீள்வாம். 1902-இல் பாரிஸிலிருந்து வியன்னா வரை நடந்த பந்தயத்தில் மார்செல் வென்றார். மறு ஆண்டு மே 24-ஆம் நாள் மாட்ரிட் நோக்கிய பந்தயத்தில் சகோதரர் இருவரும் ஓட்டினர். புழுதிப் படலத்தில் முன்வண்டியைக் கடக்க முயன்ற மார்செல் விபத்துற்று, இரண்டாம் நாள் உயிர் நீத்தார். லூயியோ யாவர்க்கும் முன்னே போர்தோ நகரை எய்திய பின்னரே செய்தி கேட்டார். பந்தயத்தை அரசினர் அங்கேயே நிறுத்தினர். லூயி அதன்பின் பந்தயம் ஓட்டிலர். 1909-இல் பெர்னானும் மறைந்தார். தொழில் முழுதும் ஒருவர் கைக்கு வந்தது.

1914-இல் மார்ன் போர்முனைக்கு வீரரை ஏற்றிச் சென்ற பாரிஸ் டாக்சிகளிற் பல அவர் செய்தவை. பின்னர் அவர் செய்தளித்த சிறு டாங்கியும் பிரெஞ்சுப் படைக்குப் பெருந்துணையாயிற்று. ஆயின் 1940-இல் ஜெர்மானியர் நாட்டைக் கைப்பற்றிய பின், அதே ஆலை பகைவர்க்கு லாரிகள் செய்தது. 1942 மார்ச்சில் ஆங்கில விமானங்கள் அதன்மேற் குண்டு பொழிய, அயலில் வாழ்ந்த மக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். 1944 செப்டம்பரிற் பகைவர்க்கு உதவியவர் எனச் சிறைப்பட்டார். பேச்சுக் குன்றும் நோயுற்றிருந்த முதியவர், வழக்கு மன்றம் ஏறுமுன்னரே அக்டோபர் 24-ஆம் நாள் இறந்தார். ஆலையைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பாரும், பொருளாசையால் என்பாரும் உளர். லாரிகள் சென்றது மெய். அவர் தரப்பை மன்றம் கேளாததும் மெய். விசாரணையின்றி இறந்தவரைக் குற்றவாளி என்னவும் குற்றமற்றவர் என்னவும் நமக்கு உரிமையில்லை என்பதே என் துணிபு.

1945 சனவரியில் ஆலை அரசுடைமையாயிற்று. நார்மண்டியிலுள்ள எர்க்வில் என்னும் சிற்றூரில் அவர் உடல் அடக்கம் பெற்றது.