வீட்டு ஆசிரியை

மேரி கியூரி அம்மையாரின் ரேடியத்தை அறிவோம். அவருடைய முதல் காதலை அறிந்தவர் சிலரே.

போலந்தின் வார்சா நகரில் 1867-இல் ஓர் ஆசிரியரின் மகளாகப் பிறந்தார் மரியா. ருஷ்ய ஆட்சியில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைத்தே கிடந்தது. அக்காளும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அக்காள் பிரோனியா பாரிஸில் மருத்துவம் படிப்பது. மரியா உழைத்துப் பணம் அனுப்புவது. பிறகு அக்காள் தங்கையை அழைத்துக்கொள்வது.

1886 சனவரியில், பதினெட்டு வயது மரியா, நாட்டுப்புறத்தில் ஜோராவ்ஸ்கி குடும்பத்தில் வீட்டு ஆசிரியையானார். சம்பளம் ஆண்டுக்கு 500 ரூபிள். ஓய்வு நேரத்தில், சட்டத்துக்கு அஞ்சாமல், குடியானவர் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்தைக் கற்பித்தார். இரவில் இயற்பியலும் கணிதமும் தாமே பயின்றார்.

அவ்வீட்டு மூத்த மகன் காசிமியேஷ், வார்சாவில் கணித மாணவர். விடுமுறைக்கு வந்தவர் மரியாவிடம் மனத்தைப் பறிகொடுத்தார். இருவரும் மணம்புரிய விரும்பினர். அதுவரை மரியாவிடம் அன்பு காட்டிய பெற்றோர் சீறினர். சம்பளத்துக்குப் பாடம் சொல்லும் ஏழைப்பெண் மருமகளாவதா? மகன் எதிர்த்து நிற்கவில்லை.

மானமுள்ளவர் மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பார் என்போம். மரியாவுக்கும் மானம் உண்டு. ஆனால் அக்காளின் படிப்பு அந்தச் சம்பளத்தில் அல்லவா இருந்தது! 1889 வரை அதே வீட்டில் அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். காசிமியேஷோ ஆண்டுக்கணக்கில் தயங்கினார். 1891-இல் ஜகோபனே மலையூரில் சந்தித்தபோதும் அவர் உறுதி சொல்லவில்லை. மரியா உறவை முறித்தார்; அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் சேர்ந்தார்.

1893-இல் இயற்பியல் தேர்வில் முதலிடம். 1895-இல் பியேர் கியூரியுடன் திருமணம். நாடு வேறு, மொழி வேறு. ஆயினும் அந்தக் குடும்பம் அவரை மகிழ்ந்து ஏற்றது. 1903-இலும் 1911-இலும் நோபல் பரிசுகள் வந்தன.

காசிமியேஷும் எளியவரல்லர், பின்னாளில் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர். அறிவும் அன்பும் இருந்தன. பெற்றோர் முன் நின்று பேசும் துணிவு மட்டும் இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, ஒருத்திக்கு வாக்குக் கொடுக்குமுன், அந்தத் துணிவு நம்மிடம் உண்டா என்று பார்த்துக்கொள்வோம்.